திறந்த கூரைக் கார் வாங்க ஆசையா? எஞ்சினைப் பார்க்கும் முன் மழைநீர்த் துளையைப் பாருங்கள்

இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கும் துணிக் கூரை, ஏறக்குறைய நம் மைவியின் எடை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் அடையாளம் இவ்வளவுதான். பணக்காரர் வண்டி என்று தூர நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. "பழைய ஜப்பான் கார்தானே, சமாளித்துக்கொள்ளலாம்" என்று அவசரமாக வாங்கி, முதல் மழைக்காலத்திலேயே நொந்துபோகிறவர்களும் உண்டு. இரு தரப்பினரும் கணக்கில் தவறுவது ஒரே இடத்தில்தான். இந்தக் காரில் எஞ்சின் அதிகச் செலவு வைப்பதில்லை. கூரையில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய செலவைக் கொண்டுவருகிறது.

நிறுத்த இடம் கூரையுள்ளதா, மரத்தடியா, வெட்டவெளியா என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். நிறம், மாடல், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரின் பூர்வீகம்

1960களில் லோட்டஸ் எலான், எம்ஜி, டிரையம்ப் போன்ற பிரிட்டிஷ் திறந்த கூரைக் கார்கள் ஓட்டுவதற்கு இன்பமாக இருந்தன. எண்ணெய்க் கசிவுக்கும் மின்கோளாறுக்கும் அவற்றில் பெயர் பெற்றவையும் உண்டு. அந்த வகைக் கார்கள் ஏறக்குறைய மறைந்துகொண்டிருந்த 1979இல், பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் செய்தியாளர், எடை குறைந்த அத்தகைய காரை மாஸ்டா செய்யலாமே என்று அந்நிறுவனத்தின் கெனிச்சி யமாமோத்தோவிடம் சொன்னார். பின்னாளில் ஹாலும் மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதல் எம்எக்ஸ்-5 காட்சிக்கு வந்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது.

முதல் தலைமுறை ஜப்பானில் விற்கப்பட்ட பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். சிங்கப்பூரின் யூனோஸ் வட்டாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வட்டாரம் முகமது யூனோஸ் அப்துல்லாவின் பெயரைத் தாங்கியது.

இதுவரை நான்கு தலைமுறைகள் வந்துள்ளன. மேலெழும் முகப்பு விளக்குகளுடன் 1989 முதல் 1997 வரை வந்தது என்ஏ. விளக்குகள் நிலையாகிவிட்ட என்பி 1998இல் வந்தது. 2005இல் சற்றுப் பருத்த என்சி, 2015இல் மீண்டும் இளைத்த என்டி. மெக்கானிக்கிடமும் உதிரிப் பாகக் கடையிலும் இந்த இரண்டெழுத்துப் பெயரைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

தீபகற்ப மலேசியாவின் சாலை வரியில் வேடிக்கையான ஒரு கணக்கு உண்டு. பழைய 1.6 எஞ்சினின் உண்மைக் கொள்ளளவு 1,597 சிசி. அது 1,600க்குள் அடங்குவதால் ஆண்டுக்கு 90 ரிங்கிட்தான். 1.8 என்று சொல்லப்படும் எஞ்சினோ உண்மையில் 1,839 சிசி. அந்த 39 சிசியால் அடுத்த படிக்குத் தாவி, வரி ஏறக்குறைய 300 ரிங்கிட்டாகிறது. 2.0 லிட்டர் கார்களுக்குச் சுமார் 380 ரிங்கிட். ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காகத் தனி வரி எதுவும் கிடையாது.

தண்ணீர் போகும் வழி

சாதாரணக் காரின் கூரையில் விழும் மழை கண்ணாடி வழியே வழிந்து போய்விடும். துணிக் கூரை அப்படியில்லை. பின்பக்கம் வழியும் நீர், கூரையின் அடிவிளிம்பில் உள்ள ரப்பர் வாய்க்காலில் சேர்கிறது. அங்கிருந்து இருக்கைகளுக்குப் பின்னால் இடமும் வலமும் உள்ள இரண்டு துளைகளில் இறங்கி, உடலுக்குள்ளே குழாய் வழியாக ஓடி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேறுகிறது. மழையில் நின்றுவிட்டு வந்த எம்எக்ஸ்-5 அந்த இடத்தில் சொட்டினால் பயப்பட வேண்டியதில்லை. சொட்டாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தத் துளைகளை அடைக்க ஒரு பிடி சருகு போதும். ரப்பர் மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்க்கும் மாதங்களில் தோட்டப்புறத்தில் நிறுத்தப்படும் காருக்கு ஆபத்து அதிகம். அங்சானா, மழைமரம் போன்ற சாலையோர மரங்களின் பொடி இலைகளும் பூக்களும் நகர்ப்புறத்தில் அதே வேலையைச் செய்கின்றன. நிழல் தேடி மரத்தடியில் நிறுத்துவது நம் ஊரில் இயல்பு. இந்தக் காருக்கு மட்டும் மர நிழல் ஆகாது.

துளை அடைபட்டதும் நீர் இரண்டு இடங்களுக்குப் போகிறது. வாய்க்கால் நிரம்பி வழிந்தால் இருக்கைக்குப் பின்னுள்ள கார்பெட்டில் இறங்கும். காருக்குள் ஈரநாய் வாடை வரும், காலையில் கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருக்கும், இருக்கை வாரின் சுருள் ஈரமாக இருக்கும். இவை தெரிகிற அறிகுறிகள். தெரியாத சேதம் இன்னோர் இடத்தில் நடக்கிறது. கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளும் இரும்புப் பெட்டிக்குள் நீர் இறங்கித் தங்கிவிடுகிறது. நம் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதை உள்ளிருந்து அரிக்கின்றன. வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

குளிர்நாடுகளில் பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பால்தான் இந்தக் கார் துருப்பிடிக்கிறது, நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று விற்பவர் சொல்லக்கூடும். உப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே தேங்கிய நீருக்கு உப்பின் துணை தேவையில்லை. கூரை இல்லாத காரில் உடல் வலுவின் பெரும்பகுதியைத் தாங்குவதும் இந்தப் பக்கப் பெட்டிகள்தான். ஆகவே இது அழகுப் பிரச்சினை மட்டுமன்று, மோதலில் உள்ளே இருப்பவரின் உயிர்ப் பிரச்சினை.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைக்கு ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு காந்தமும் போதும். கூரையைப் பாதி மடக்கி, துளை ஒன்றில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். அதே பக்கத்தில் காருக்கு அடியில் தடையில்லாமல் கொட்ட வேண்டும். மறுபக்கமும் அப்படியே. பிறகு, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பின் சக்கரத்துக்கு முன்னுள்ள பக்கப் பெட்டியின் மேல் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் புட்டி இருக்கிறது என்று பொருள். அத்தகைய காரை விட்டு நடையைக் கட்டுவது நல்லது. எஞ்சின் கெட்டால் ஹாஃப்-கட் கடையில் வேறு எஞ்சின் தேடலாம், உடல் தகடு அரித்தால் வெட்டி எடுத்துப் பற்றவைக்கும் வேலை நீளும், செலவும் ஏறும்.

வாங்கிய பின் இந்தத் தண்ணீர்ச் சோதனையை மாதம் ஒருமுறை செய்தால் போதும். மரத்தடியில் நிறுத்துவோர் வாரம் ஒருமுறை செய்யட்டும். அடைப்பு இருந்தால் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு நல்ல கருவி. இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தாலோ பட்டறையின் காற்றுக் குழாயை வைத்து ஊதினாலோ உள்குழாய் கழன்றுவிடக்கூடும். பிந்திய தலைமுறைகளில் துளையின் மேல் சிறு வடிகட்டி உண்டு. அதைக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். வழக்கமான சர்வீஸில் இதை யாரும் செய்து தருவார்கள் என்று எதிர்பார்க்காமல், கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

துணிக் கூரைக்கும் பக்குவம் உண்டு

என்ஏ காரின் பின் சன்னல் கண்ணாடியன்று, பிளாஸ்டிக். கூரையை இறக்குமுன் அதன் ஸிப்பைத் திறந்து சன்னலைத் தட்டையாகக் கிடத்த வேண்டும். அப்படியே மடக்கினால் கீறலும் மடிப்பும் விழுந்து, சில ஆண்டுகளில் பால்நிறமாகிவிடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாத அளவுக்கு மங்கிய சன்னலுடன் ஓட்டுவது ஆபத்து.

ஈரக் கூரையை மடக்கி வைப்பது எந்தத் தலைமுறைக்கும் ஆகாது. நம் ஊர் ஈரத்தில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகுதான் மடக்க வேண்டும். தானியங்கிக் கார் கழுவுமிடத்தின் தூரிகையும், அழுத்த நீர்ப் பீச்சும் தையலைப் பிரிக்கும். மென்மையான பிரஷ், மிதமான சவர்க்காரம், நிறைய தண்ணீர் இவை போதும். சன்னல் ஓர ரப்பர்களில் அவ்வப்போது சிலிகோன் கிரீஸ் தடவினால் வெடிக்காது. பிளாஸ்டிக் கேன்வஸ் போட்டு இறுக்கி மூடுவது பாதுகாப்பு போலத் தோன்றும், ஆனால் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கும். காற்றுப் புகும் உறையே நல்லது. பூனைகளுக்கு இந்தக் கூரை மிகப் பிடித்த படுக்கை என்பதையும் சொல்லியாக வேண்டும், நகம் பட்ட துணி பிறகு ஒழுகும்.

புதுக் கூரை மாற்றுவது சில ஆயிரம் ரிங்கிட் வேலை. மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் என்ஏ கார்களுக்குப் புதுப்பிப்புத் திட்டம் தொடங்கி, கூரைத் துணி உள்ளிட்ட சில பாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது.

எஞ்சின் பக்கம்

இங்கே சொல்வதற்கு அதிகமில்லை, இதுதான் இந்தக் காரின் சிறப்பு. என்ஏ, என்பி எஞ்சின்களில் டைமிங் பெல்ட் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி மாற்ற வேண்டும், வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம். பிந்திய இரு தலைமுறைகளில் சங்கிலி. பழைய ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருமையிலிருந்து பழுப்புக்கு மாறினால் வெடிக்கும் நாள் அருகில் என்று பொருள். கிளட்ச் மிதி தளர்ந்தால் கியர்பாக்ஸைக் குறை சொல்லுமுன், அதன் பக்கத்திலுள்ள சிறிய கிளட்ச் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மலிவான பாகம்தான் அது.

கவனிக்கவேண்டியது பேட்டரி. என்ஏ, என்பி கார்களில் அது பூட்டுக்குள் இருக்கிறது. வாயுவை வெளியேற்றக் குழாய் பொருத்தும் வகை பேட்டரிதான் அங்கே வைக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கிடைத்த சாதாரண பேட்டரியை வைத்தால், அமில ஆவி பூட்டின் தரையை அரித்துவிடும். எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் பெரிய கார்களைவிட நிதானமாகத் தேயும்.

உரிமம், காப்புறுதி, சிஓஇ

இன்று இளையர் பலரிடம் இருப்பது டிஏ உரிமம். அதைக் கொண்டு கையால் கியர் மாற்றும் காரை ஓட்ட முடியாது, டி உரிமம் வேண்டும். சிங்கப்பூரின் 3ஏ உரிமத்துக்கும் இதே நிலைதான். பழைய எம்எக்ஸ்-5இல் பெரும்பாலானவை கை கியர் கொண்டவை என்பதால், முன்பணம் கட்டுமுன் உரிமத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது.

மலேசியாவில் வெள்ளச் சேதத்துக்கான காப்புறுதியும் கண்ணாடிக் காப்புறுதியும் தனியாகச் சேர்க்கவேண்டியவை. தாழ்வான இந்தக் காருக்கு வெள்ளக் காப்புறுதி இல்லாமல் இருக்கக்கூடாது. துணிக் கூரை கிழிக்கப்பட்டால் இழப்பீடு உண்டா என்பதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்ட கார் என்றால் எண்கள் பதிவுப் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று பெயர் மாற்றப் பரிசோதனைக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் பராமரிப்புச் செலவைவிட சிஓஇ பெரிது. பத்தாண்டு முடிந்ததும், முந்தைய மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்ட தொகையைச் செலுத்தி ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். ஐந்தாண்டு நீட்டிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. பத்தாண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் ஏறி, ஐம்பது விழுக்காட்டுக் கூடுதலில் நிற்கும்.

வீட்டில் யார் யார்?

குடும்பத்தின் ஒரே காராக இதை வைக்க முடியாது. பின்னிருக்கை இல்லாததால் குழந்தை இருக்கையையும் முன்னாலேயே பொருத்த வேண்டியிருக்கும். காற்றுப்பை இயங்கும் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது. பூட்டில் ஒரு வாரச் சந்தைச் சாமான் அடங்கும், அரிசி மூட்டையோடு சேர்த்தென்றால் கஷ்டம். செம்மண் சாலையில் அடிப்பகுதி தட்டும்.

கூரையைத் திறந்து ஓட்டும் நேரமும் நம் ஊரில் குறைவுதான். காலை ஒன்பதுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். கேமரன் மலையிலும் பிரேசர் மலையிலும் பகலில்கூடத் திறக்கலாம், ஆனால் மலை மழை முன்னறிவிப்பின்றி வரும். என்டி காரில் கூரையைச் சிக்னலில் நிற்கும்போதே ஒரு கையால் இழுத்து மூடிவிடலாம். என்ஏ காரில் ஓரமாக நிறுத்தி இறங்கி, பின் சன்னலைத் தூக்கி ஸிப்பை மூடித்தான் பாதுகாப்பாகப் போக முடியும்.