அன்ஸெல்மும் காணாத் தீவும்

கடவுள் உண்டென்பதை வேதத்தின் துணையின்றி, அறிவொன்றைக் கொண்டே நிலைநாட்டல் கூடுமோ? நார்மண்டியிலுள்ள பெக் மடத்துத் துறவி அன்ஸெல்ம், 1077-78ஆம் ஆண்டுகளில் இதற்கென ஒரு நூல் இயற்றினார். அவர் கூற்று யாதெனில்: கடவுளாவது, தன்னினும் பெரியதொன்றை நினைக்கவொண்ணாத பொருள், அது நினைவில் மட்டும் இருந்து மெய்யில் இல்லையாயின், மெய்யிலும் உள்ளதாக நினைக்கப்படுவது அதனினும் பெரிதாகிவிடும், ஆகவே அது மெய்யிலும் உளது என்பதாம்.

இதை மறுத்தவர் நாஸ்திகரல்லர். மார்மூத்தியே மடத்துத் துறவியாகிய கௌனிலோ. தீவுகள் யாவற்றினும் சிறந்த தீவொன்றை நினைத்த மாத்திரத்தில் அது கடலில் இருந்துவிடுமோ என்று கேட்டார் அவர். நல்ல கேள்வி! நம்மவராயின் அன்றே இரு கட்சிகள் தோன்றியிருக்கும். அன்ஸெல்மோ, தம் நியாயம் தீவு போன்றவற்றிற்குப் பொருந்தாதென விடையெழுதி, அம்மறுப்பையும் விடையையும் தம் நூலோடு சேர்த்தே பிரதி செய்யப் பணித்தார். மறுப்பு இன்றளவும் நிலைத்திருப்பது இதனாலேயே.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் இந்நியாயத்தை ஏற்றிலர். உலகின் இயக்கத்தினின்றே அவர் தொடங்கினார். 1781இல் ஜெர்மானியராகிய கான்ட், நினைவிலுள்ள நூறு தாலர் நாணயங்களுக்கும் மெய்யான நூற்றுக்கும் தொகையில் வேற்றுமையில்லை, ஆயினும் கையிருப்பு வேறன்றோ என்றார். நாள்தோறும் பேரேடு எழுதும் நமக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.