றேடியோவுக்குள்ள பாடின கொம்பியூட்டர்

பழைய லப்டொப் சார்ஜர் வயரில உருளை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், கவனிச்சிருக்கிறீங்களா? உள்ளே இருப்பது ஃபெரைட் வளையம். வயர் வழியாகக் கசியிற உயர் அதிர்வெண் இரைச்சலை மறிக்கிறதுதான் அதன்ர வேலை. ஏன் மறிக்க வேணும்?

1975, கலிபோர்னியா. ஹோம்புரூ கொம்பியூட்டர் கழகத்தின் கூட்டத்துக்கு ஸ்டீவ் டொம்பியர் தன்னுடைய அல்டேர் 8800ஐக் கொண்டு வந்தார். அதில் திரையும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. பக்கத்தில ஒரு சின்ன றேடியோவை வைத்தார். றேடியோ பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் மெட்டைப் பாடத் தொடங்கியது!

மாயமில்லை. கொம்பியூட்டருக்குள் மின்சாரம் செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை மாறுகிறது. அப்போது ஒவ்வொரு வயரும் ஒரு குட்டி அன்டெனா ஆகிவிடும். அந்தக் கசிவைத்தான் டொம்பியர் நிரல் எழுதி இசையாக்கினார்.

ஆனால் அதே கசிவு பக்கத்து வீட்டு ரீவிக்குள்ள போனால்? 1977இல் றேடியோ ஷக் நிறுவனம் டிஆர்எஸ்-80 கொம்பியூட்டரை, திரையோடு சேர்த்து ஏறத்தாழ 600 டொலருக்கு விற்றது. சாதாரண வீடுகளுக்குள் கொம்பியூட்டர் வந்தது. அலையைத் தடுக்கும் கவசம் போதாததால் இரைச்சலும் கூடவே வந்தது. வாங்கினவருக்கு விளையாட்டு, அயலவருக்குக் கோடு விழுந்த ரீவி.

1979இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு கொம்பியூட்டர்களுக்கென்று விதி கொண்டு வந்தது. கந்தோர்க் கருவிகளைவிட வீட்டுக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு கூட. ஏனென்றால் வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கமே இன்னொருவரின் ரீவி. டிஆர்எஸ்-80இன் முதல் மொடல் அந்த விதிக்குள் அடங்கவில்லை. 1981 பிறந்தபோது அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. மொடல் 3 அந்த இடத்துக்கு வந்தது.

எனக்கு இதில முக்கியமாகப் படுறது ஒன்றுதான். அதுவரை இரைச்சலின் விலையைக் கட்டினது, அந்தக் கொம்பியூட்டரை வாங்காத அயலவர். விதி அந்தச் செலவை, செய்து விற்கிறவரின் தலையில் வைத்தது. கவசமும் வடிகட்டியும் ஃபெரைட்டும் அப்படித்தான் வழமையாகின. காற்றலை ஊர்க்கிணறு மாதிரி. ஒருவர் கலக்கினால் எல்லாருக்கும் கலங்கல்.

வீட்டில ஏ.எம். றேடியோ இருந்தால் ஒருக்கா போட்டு, மலிவு சார்ஜருக்கும் எல்.ஈ.டி. பல்புக்கும் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ. இரைஞ்சால், அந்தச் செலவை யாரோ மிச்சம் பிடிச்சிருக்கிறார்.