நோயெதிர்ப்பு ஒடுக்கு மருந்துகள்

உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள். மாற்றிப் பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்கவும், முடக்குவாதம், லூபஸ் முதலிய தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் தரப்படுகின்றன.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முரே செய்த சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வென்றது மருந்தால் அன்று. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர். மற்றவர்களுக்கு நோயெதிர்ப்பை ஒடுக்க முழு உடலிலும் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்ததில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய ரத்தப் புற்றுநோய் மருந்தான மெர்காப்டோபியூரின், முயல்களில் எதிர்ப்பொருள் உண்டாவதைத் தடுப்பதாக 1950களின் இறுதியில் தெரியவந்தது. அதன் வழிவந்த அசாதயோபிரின், ஸ்டீராய்டுடன் சேர்ந்து 1960களில் உறுப்பு மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் இது விரைந்து பெருகும் செல்களைத் தராதரமின்றித் தாக்குவதால் எலும்பு மஜ்ஜையும் அடிபடும்.

இத்துறையின் போக்கை மாற்றியது சைக்ளோஸ்போரின். வெளியூர் செல்லும் ஊழியர்கள் அங்கங்கே கொஞ்சம் மண் எடுத்துவர வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் இருந்த வழக்கம். புது ஆன்டிபயாட்டிக் தேடித்தான். நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநில மண்ணிலிருந்து கிடைத்த பூஞ்சை ஒன்றின் சாறு ஆன்டிபயாட்டிக்காகச் சோபிக்கவில்லை. அத்துடன் விட்டிருப்பார்கள்; ஆனால் அந்நிறுவனத்தின் ஹார்ட்மன் ஸ்டேஹலின் வகுத்திருந்த பொதுச் சோதனை வரிசையில் அது 1972 ஜனவரியில் எலிகளின் நோயெதிர்ப்பை ஒடுக்கியது, அதுவும் மஜ்ஜையைக் கெடுக்காமல். கண்டுபிடிப்பாளர் என்று அதே நிறுவனத்தின் ழான் பிரான்சுவா போரெலைச் சொல்வதே வழக்கம். ஸ்டேஹலினின் பங்கு அதற்குக் குறைந்ததன்று. மருந்து நீரில் கரையாதது பெரிய தலைவலி. போரெல் அதைச் சாராயத்தில் கரைத்துத் தாமே குடித்து, ரத்தத்தில் ஏறுகிறதா என்று பார்த்தார். கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்னுடன் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் அல்கிஸ் கோஸ்டாகிஸ் ஆலிவ் எண்ணெயில் கரைத்தார். கால்ன் 1978இல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1983இல் அமெரிக்க ஒப்புதல் வந்தது.

நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லுக்குள் சைக்ளோபிலின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கால்சிநியூரின் நொதியைச் சைக்ளோஸ்போரின் முடக்குகிறது. அதனால் பிற டி செல்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 குறைகிறது. சிறுநீரகத்தைக் காக்கத் தரும் மருந்தே நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதுதான் வேடிக்கை. ஈறு வீங்கும், வேண்டாத இடத்தில் முடி வளரும். காசநோய் உள்ளிட்ட தொற்றுகளும் தோல் புற்றும் எளிதில் வரும் என்பது இவ்வகை மருந்துகளுக்குப் பொதுவான குறை.

இவ்வகை மருந்துகளில் டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்தும், சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்தும் வந்தவை. சிரோலிமஸைக் கண்டறிந்த மான்ட்ரியால் ஆய்வகம் மூடப்பட்டபோது அதைத் தரும் நுண்ணுயிரை அங்குப் பணியாற்றிய சுரேந்திரநாத் சேகல் தம் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். அந்த மருந்துக்கு 1999இல் ஒப்புதல் கிடைத்தது.

இன்று ஒற்றைப்படியாக்க எதிர்ப்பொருள்களும் பயன்படுகின்றன. ஒடுக்குவதற்கு மாறாக, நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோய் மீது ஏவும் கார்-டி சிகிச்சை அமெரிக்காவில் 2017இலும், மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய வகை இந்தியாவில் 2023இலும் ஒப்புதல் பெற்றன. தன்னெதிர்ப்பு நோயான லூபஸுக்கும் இம்முறை சோதிக்கப்படுகிறது.