“இப்ப நீங்கள் எங்க இருக்கிறியள்?”: ஒரு கேள்வி எங்கள் ஊர் வரை வந்த கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சகோதரி ஒருவர் கையில் ஒரு தாளோடு எங்களிடம் வந்தார். எண்பது வயதைக் கடந்த தன் வாப்பாவை கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே அவரிடம் கேள்விகள் கேட்டு, தாளில் 30 க்கு 16 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. “சேர், நீங்கள் புள்ளி போடுற ஆக்கள்தானே, வாப்பா இதுல பெயிலா?” என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கியிருந்தது.

புள்ளி போடுவது எங்கள் தொழில்தான். ஆனால் இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. தேடி வாசித்தோம். வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மனிதனின் ஞாபகத்தை அளக்கலாம் என்று முதலில் துணிந்தவர் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மனியர். அர்த்தமில்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் தானே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885 இல் நூலாக வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து, 1887 இல், லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் பாடசாலைப் பிள்ளைகளிடம் இலக்கங்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்ல வைத்தார். இன்று வைத்தியர்கள் முதியவர்களிடம் “நான் சொல்ற நம்பரைத் திருப்பிச் சொல்லுங்கோ” என்கிறார்களே, அது அன்று வகுப்பறையில் பிறந்த கேள்வி. 1905 இல் பிரான்ஸில் பினே என்பவர் புத்திக்கூர்மைப் பரீட்சையை உருவாக்கியதும் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். இந்த வகைப் பரீட்சைகளின் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவரிடம் அது வந்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதே எங்கள் கதை.

மறதி நோயின் பெயரில் இருக்கும் அல்சைமர் ஒரு ஜேர்மன் வைத்தியர். 1901 நவம்பரில் பிராங்பேர்ட் வைத்தியசாலையில் அவரிடம் வந்தவர் 51 வயதான ஒகுஸ்ட டேட்டர் என்ற பெண். பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே அல்சைமர் எழுதி வைத்தார். பென்சில், பேனை, திறப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் சரியாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, என்ன காட்டினேன் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. பகல் சாப்பாட்டில் பூக்கோவா இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அதைக் கீரை என்றார். 1906 இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து, அதே வருடம் அல்சைமர் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். அந்தப் பழைய கோப்பு தொலைந்து, 1995 இல்தான் மீண்டும் கையில் கிடைத்தது.

அந்தக் கேள்விகளில் புள்ளி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வைத்தியர் இருந்து, பார்த்து, கேட்டு, எழுதியது அது. புள்ளி பின்னால் வந்தது. 1975 இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூ என்ற வைத்தியரும் சேர்ந்து, பத்து நிமிடத்தில் முடியக்கூடிய 30 புள்ளிப் பரீட்சை ஒன்றைத் தயாரித்தார்கள். எம்.எம்.எஸ்.ஈ. என்பார்கள். அந்தச் சகோதரி கொண்டு வந்த தாள் இதன் வழியில் வந்ததுதான். 24 க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை.

ஆசிரியர் கண்ணோடு இந்த வினாத்தாளைப் பார்த்தோம். இன்று என்ன திகதி, என்ன மாதம், எந்த வருடம், எந்தப் பருவம், எந்த இடம், எத்தனையாம் மாடி என்று நேரத்துக்கும் இடத்துக்கும் 10 புள்ளி. மூன்று சொல்லைச் சொல்லித் திருப்பிக் கேட்பதற்கு 3, பிறகு நினைவுபடுத்துவதற்கு 3. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5. பொருளின் பெயர் சொல்ல, கேட்டதைத் திருப்பிச் சொல்ல, சொன்னபடி செய்ய 6. வாசிக்க 1, ஒரு வசனம் எழுத 1, ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1.

கழித்தல், வாசித்தல், எழுதுதல், வரைதல் நான்கையும் கூட்டினால் 8. பேனை பிடித்துப் பழகாதவருக்கு இந்த எட்டும் கையை விட்டுப் போகலாம். மிச்சம் 22. இது எங்கள் கணக்கு. ஆனால் 1993 இல் அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேற்பட்டவர்களின் புள்ளிகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று என்ன சொன்னது தெரியுமா? ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடுப்புள்ளி 29. ஐந்து முதல் எட்டு வருடம் படித்தவர்களுக்கு 26. நான்கு வருடம் வரை மட்டும் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் 22. அதாவது குறையப் படித்தவர்களில் பாதிப் பேராவது அந்த 24 என்ற கோட்டுக்குக் கீழே நின்றார்கள்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனால் வன்னியில் அன்று வயலும் மாடும் கடலும் பிள்ளைகளை மூன்றாம் வகுப்போடு கூப்பிட்டுக்கொண்டன. பெண் பிள்ளைகளை அதற்கும் முன்னமே. அந்தச் சகோதரியின் வாப்பா படித்தது மூன்றாம் வகுப்பு.

இந்தப் பிழையை மேற்கு நாட்டவர்களே உணர்ந்து திருத்த முயன்றார்கள். கனடாவின் மனிடோபாவில் க்ரீ பழங்குடி மக்களிடமும், பிறகு நைஜீரியாவின் இபாதான் நகரத்து யொரூபா மக்களிடமும் பரீட்சித்து, 1990 களின் தொடக்கத்தில் வேறொரு முறையை உருவாக்கினார்கள். அதில் முதியவரிடம் கேட்பதோடு, அவரோடு இருக்கும் ஒருவரிடமும் தனியாகக் கேட்பார்கள். முன்பு செய்த வேலையை இப்போதும் செய்கிறாரா, பழகிய பாதையில் வழி தவறுகிறாரா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்று. எங்கள் பார்வையில் இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான். பரீட்சை மண்டபத்துக்குள் குடும்பம் வந்துவிட்டது.

இந்தியாவில் ஹரியானா மாநிலம் பல்லப்கர் கிராமங்களில் மேரி கங்குலி குழுவினர் எழுத்தறிவில்லாத முதியவர்களுக்காக ஹிந்தியில் ஒரு வடிவம் செய்து 1995 இல் வெளியிட்டார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதியதை வாசிக்கச் சொல்வதற்குப் பதிலாக, நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று கேட்பவர் தன் கண்ணை மூடிக் காட்டுவார். வசனம் எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார். கழித்தலுக்குப் பதிலாக வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார். எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய மரியாதை!

1998 இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற குழுவை ஆரம்பித்தார்கள். உலகின் மறதி நோயாளர்களில் 66 வீதமானோர் வளர்ந்துவரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வுகளிலோ 10 வீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையிலும் வேலூரிலும் தமிழ் பேசும் முதியவர்களிடம் அவர்கள் ஆய்வு செய்தார்கள். பிறந்த திகதி தெரியாதவர்களின் வயதைக் கண்டுபிடிக்க, அந்தந்த ஊரில் நடந்த சம்பவங்களின் நாட்காட்டி ஒன்றையும் வைத்திருந்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

எங்கள் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. ராகம வைத்திய பீடத்தில் அசித டி சில்வாவும் குணதிலகவும் எம்.எம்.எஸ்.ஈ. இன் சிங்கள வடிவத்தைச் சரிபார்த்து 2002 இல் வெளியிட்டார்கள். அங்கே பொருத்தமாக அமைந்த எல்லை 24 அல்ல, 17. அடுத்த வருடம் வந்த அவர்களின் ஆய்வில், ராகமப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரில் ஏறத்தாழ 4 வீதமானோருக்கு மறதி நோய் இருந்தது. தமிழ் வடிவத்தை யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் பிற்பாடுதான் சரிபார்த்தார்கள். இடையில் எங்கள் மாகாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மொழி மாற்றுவது லேசான காரியமும் அல்ல. ஐந்து எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டச் சொல்கிறது மூலப் பரீட்சை. தமிழில் ‘கொ’ ஓர் எழுத்தா இரண்டா மூன்றா? தமிழாசிரியர்களே மணிக்கணக்கில் வாதாடுவார்கள். 2005 இல் கனடாவிலிருந்து வந்த மொக்கா என்ற இன்னொரு பரீட்சை சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் மூன்றையும் படத்தில் காட்டிப் பெயர் கேட்கிறது. ஆனையைக் காட்டியிருந்தால் எங்கள் மூத்தம்மாமார் பெயரோடு அது வயலுக்குள் வந்த கதையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இனி அந்த இடக் கேள்விக்கு வருவோம். “இப்ப நீங்கள் எங்க இருக்கிறியள்? எந்த மாவட்டம்?” என்பதற்கு ஐந்து புள்ளி வரை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகளின் உத்தரவில் வடக்கிலிருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று எங்கள் ஊர்கள் காலியாகின. பலர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து திரும்பியவர்கள். எங்கள் தமிழ் அயலவர்களோ 2009 இல் ஊர் ஊராக ஓடி, செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரத்து இலக்கத்தையே விலாசமாக வைத்திருந்தவர்கள். இவர்களிடம் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்பது சின்னக் கேள்வியா?

ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881 இலேயே எழுதினார், மறதி நோயில் அண்மைய ஞாபகம் முதலில் போகும், பழையது கடைசி வரை நிற்கும் என்று. அந்த வாப்பா மாவட்டத்தைக் கேட்டபோது முல்லைத்தீவு என்று உடனே சொல்லியிருக்கிறார். புள்ளி கிடைத்தது. வருடத்தைக் கேட்டபோது 1989 என்றிருக்கிறார். அவருக்கு வெளியேற்றம் இன்னும் நடக்கவே இல்லை. சரியான விடைக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கலாம் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம். மாறாக, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்து அண்மையில் திரும்பிய ஒரு தாய் வாய் தவறிப் புத்தளம் என்றால், அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆழ்ந்த துக்கமும் மறதியைப் போலவே தோன்றும். கைலோ என்ற வைத்தியர் 1961 இல் இதைப் ‘போலி மறதி நோய்’ என்று எழுதினார். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போர் எங்கள் மனங்களில் விட்ட காயங்களைப் பற்றி நீண்ட காலமாக எழுதி வருகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை என்றால், முதலில் அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று பார்க்க வேண்டும். காது கேளாமை, கண்புரை, தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு எல்லாம் புள்ளியைக் குறைக்கும். இவற்றில் பல மருந்துக்குக் கட்டுப்படும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, பரீட்சையே பிழை என்று நாங்கள் சொன்னால் அது அதைவிடப் பெரிய பிழை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அறளை பெயர்தல். ‘வயசு போனால் அறளை பெயரும்தானே’ என்று சொல்லி விட்டுவிடுவோம். அந்த வாப்பா இரண்டு வருடமாக அஸருக்குப் பிறகு வீட்டுத் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தாராம். 1990 இல் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு. யாஸீன் சூறாவை ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுகிறவருக்கு என்ன மறதி என்று வீட்டார் நினைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் மனதில் பதிந்த ஓதல் கடைசி வரை நிற்கும். அதை வைத்து மற்றதெல்லாம் சரி என்று முடிவெடுத்தால் காலம் போய்விடும்.

இரண்டாம் தடவை வேறோர் இடத்தில், மகளும் கூடவே இருக்க, கண்ணாடி போட்டு, ஆறுதலாகக் கேட்டார்கள். மகளிடமும் நிறையக் கேட்டார்கள். புள்ளி கூடியது. ஆனாலும் மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்றே வைத்தியர் சொன்னார். இப்போது பழைய திறப்பு ஒன்றை அவர் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். மாலையில் தொட்டுப் பார்த்துவிட்டு இருந்துவிடுகிறாராம்.

எங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம் உங்களை. எங்கள் முதியவர்கள் பலரின் அடையாள அட்டையில் இருப்பது அன்று விதானையார் உத்தேசமாகப் போட்ட திகதி. உயர்தர மாணவர்களோடு சேர்ந்து எங்கள் பிரதேசத்துக்கான சம்பவ நாட்காட்டி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை எழுதியவை: 1957 டிசம்பர் வெள்ளம், 1964 டிசம்பர் புயல், 1990 ஒக்டோபர், 2002 இல் ஏ9 பாதை திறந்தது, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 மே. 1957 க்கு முந்தியது ஒன்றும் எங்களிடம் இல்லை. குளம் உடைத்த வருடம், பள்ளிவாசல் கட்டிய வருடம், கொள்ளை நோய் வந்த வருடம் என்று வீட்டு மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, ஜும்ஆ முடிந்து காணும்போது தாருங்கள். தமிழ் உறவுகள் பாடசாலையில் தரலாம். யார் சொன்னது, அப்போது அவருக்கு என்ன வயது என்பதையும் குறித்துவிடுங்கள்.