ஷேஃபர் பாதை: லாரிக்காக வெட்டிய வளைவுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் ஷேஃபர் பாதை என்றொரு மண்சாலை இருக்கிறது. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேட்டிலிருந்து சுமார் 1,500 அடி, செம்பாறைச் சுவரில் வளைந்து வளைந்து இறங்கும். படத்தில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் ஜீப்பை முதன்முறையாக மண்ணில் இறக்குகிறவர்களும் தைரியமாகப் போகிற பாதை இது. என்னைக் கூட்டிப்போன நண்பன் சொன்னது இவ்வளவுதான்: “லோ ரேஞ்ச்ல போடு. பிரேக்கையே அமுக்கிக்கிட்டு இருக்காத, இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். ஏறி வர்றவனுக்கு வழி விடு.” மழை பெய்யாத நாளில் நிஜமாகவே அவ்வளவுதான்.

இத்தனை செங்குத்தான பாறையில் இவ்வளவு லேசான சாலை எப்படி வந்தது?

முதலில் இது பூர்வகுடிகளின் நடைபாதை. பிறகு ஷேஃபர் குடும்பத்தார் மாடுகளை ஓட்டிப்போன தடம். மாட்டுக்கு இந்த அகலம் தேவையில்லை. தேவைப்பட்டது யுரேனியம் ஏற்றிய லாரிக்கு.

அணுகுண்டுப் போட்டி சூடுபிடித்திருந்த காலம். யுரேனியத் தாதுவை அமெரிக்க அணுசக்தி ஆணையம் நிலையான விலைக்கு வாங்கியது. நல்ல தாது கண்டுபிடித்தால் ஊக்கத்தொகை வேறு. 1952-இல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர், கடனும் கஞ்சியுமாகத் திரிந்தவர், மோவாபுக்குத் தென்கிழக்கே பெரும் புதையலைத் தோண்டிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா, ஊரே திரண்டு வந்துவிட்டது. தாது தேடுகிறவர்களுக்காக ஆணையமே பாலைவனத்தில் சாலைகள் போட்டது. ஷேஃபர் பாதை இறங்கிச் சேரும் வொயிட் ரிம் சாலையும், சுமார் 160 கிலோமீட்டர், அப்படி வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதியில் யுரேனியம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சுரங்கங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள். 1964-இல் அது தேசியப் பூங்காவானது. சாலை மட்டும் நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மிஞ்சியது.

தாது கிடைத்த இடங்களின் கதை வேறு. கொலராடோ பீடபூமியின் சுரங்கங்களில், நவஹோ மக்கள் உட்படப் பலர், காற்றோட்டமில்லாத குழிகளில் ரேடான் வாயுவைச் சுவாசித்தபடி வேலை செய்தார்கள். அரசு மருத்துவர்கள் 1950-லிருந்தே அவர்களைப் பரிசோதித்தார்கள். ஆபத்து என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு ஆறவே ஆறாத இடம் இது. நுரையீரல் புற்றுநோயில் பலர் போய்ச்சேர்ந்த பிறகு, 1990-இல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது.

கீழே இறங்கியதும் இடப்பக்கம் திரும்பினால் பொட்டாஷ் சாலை. வெயிலில் காயும் நீலநிறப் பாத்திகளைத் தாண்டி, கொலராடோ ஆற்றோரமாகவே ஊருக்குத் திரும்பலாம். அது நெடுஞ்சாலையில் சேரும் முனையில்தான் ஸ்டீன் 1956-இல் திறந்த யுரேனிய ஆலை இருந்தது. ஆலை 1984-இல் மூடப்பட்டது. ஆற்றங்கரையில் அது விட்டுச்சென்ற கழிவு 1.6 கோடி டன். 2009-இல் அதை ரயிலில் ஏற்றி, வடக்கே 48 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள்.