சுவார்ட்சு ஐயரும் உடனுறை மாணாக்கரும்

தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், கோயில் எடுத்த ஆண்டு, திருமுழுக்குப் பெற்றோர் தொகை, நூல் அச்சேறிய காலம் ஆகியவற்றை வகுத்துரைப்பதிலேயே பெரிதும் கருத்தூன்றினர். ஒருவர் உள்ளத்தில் நிலைபெற்ற சமயப் பற்று மற்றொருவர் உள்ளத்திற் சென்று வேரூன்றிய முறை யாது என்னும் வினா அவ்வளவாக ஆராயப்பெறவில்லை. அவ்வினாவிற்கு விடை காணத் தஞ்சையிற் பணியாற்றிய சுவார்ட்சு ஐயரின் (1726–1798) மாணாக்கர் குழாம் சிறந்த சான்றாகும் என்பது எம் கருத்து. அவர் மாணாக்கரை ஆக்கிய முறையையும், அஃது எய்திய பயனையும், அது தொடாது விட்ட ஓரிடத்தையும் ஈண்டு ஆராய்கின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். சமய நெறியைக் கற்பித்து உடன்நின்று நடத்துவோரைக் கத்தோலிக்கர் ‘வேதியர்’ என்றனர். தரங்கம்பாடி வழிவந்த சபையார் ‘உபதேசியார்’ என்றனர். அந்தணர்க்கு உரியதாய் வழங்கிய சொல்லைச் சிற்றூர்தோறும் திரிந்து கற்பித்த எளிய ஆசிரியர்க்கு ஏற்றியது துணிவான செயலே. அவர்க்கெனவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். கற்பிக்கப்படும் பொருளுக்கு முன் கற்பிப்போன் ஒழுக்கமே ஆராயற்பாலது என்பது அந்நூற் பெயரிலேயே விளங்கும். நன்னூற் பொதுப்பாயிரமும் ஆசிரியன் இயல்பையும் மாணாக்கன் இயல்பையும் வகுத்துக் கூறும். ஆகலின் ஆசிரியனோடு உடனுறைந்து அவன் ஒழுக்கத்தைக் கற்கும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. பிரசிய நாட்டிற் பிறந்த பாதிரியார் ஒருவர் அதனைத் தஞ்சையில் நடத்தியதே வியப்பிற்குரியது.

சுவார்ட்சு தாமும் அவ்வாறு ஆக்கப்பெற்றவரே. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணிசெய்து செருமனிக்கு மீண்ட சூல்ட்சு என்பார், ஹாலே நகரில் இவருக்குத் தமிழ் கற்பித்தார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த இவர், 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும் 1778 முதல் தஞ்சையிலும் வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, தாய்நாட்டிற்கு மீளவும் இல்லை.

இவர் உபதேசியார்களைப் பயிற்றிய முறை உடனிருந்தோர் குறிப்புகளால் அறியப்படுகின்றது. காலையில் அனைவரும் கூடி வழிபட்டபின், இன்னார் இன்ன இடத்திற்குச் செல்க என வகுத்து அனுப்புவார். மாலையில் மீண்டோர் தாம் யாரொடு உரையாடினர், எத்தகைய தடை எழுந்தது, அதற்கு எவ்வாறு விடையிறுத்தனர் என எடுத்துரைப்பர். அவர் கேட்டு, வேண்டுவன திருத்தி, மறுநாட் பணிக்கு நெறி கூறுவார். பாடங் கேட்டல் எளிது. தான் பேசிய பேச்சையே ஆசிரியர் முன் மீண்டும் உரைத்துத் திருத்தம் பெறுதல் அரிது. அவ்வரிய பயிற்சியை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நடத்தியதிலேதான் சுவார்ட்சின் குறிக்கோள் தெளிவாகப் புலப்படுகின்றது. ஐதர் அலியிடம் 1779இல் தூது சென்ற செய்தியை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அத்தூது நிலையான அமைதியைத் தரவில்லை. இம்மாலைக் கூட்டங்களோ நிலையான பயனைத் தந்தன.

அப்பயன்களுள் சிலவற்றைக் காண்போம். உபதேசியாராக இருந்த சத்தியநாதன் 1790 திசம்பரில் தஞ்சையிற் குருப்பட்டம் பெற்றார். அப்பொழுது அவர் தமிழில் ஆற்றிய அருளுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1792இல் இலண்டனில் அச்சிடப்பெற்றது. அவர் அனுப்பப்பெற்ற பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தோர் நாற்பதின்மரே. அச்சபை வளர்தற்கு அடியிட்டவர், தஞ்சையில் 1778இல் சுவார்ட்சிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் பெண்மணியாவர். 1762இற் பிறந்த யோவான் காசுபர் கோலாபு என்பாரைச் சுவார்ட்சு மகனேபோல் வளர்த்தார்; அவர் 1787இற் குருப்பட்டம் பெற்று, 1844இல் மறையுமளவும் பணியாற்றினார். திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகத்தை 1785இல், பதினோரு வயதளவில், தந்தையின் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்துவந்தார். அச்சிறுவரே பிற்காலத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாத்திரியார்.

இனி, அம்முறை தொடாது விட்ட இடத்திற்கு வருவோம். அது சாதி. இச்சிக்கல் சுவார்ட்சுக்கு முன்பே தோன்றியது. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன், அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூலைத் தாமே படித்துத் தெளிந்து தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்து, உபதேசியாராய்ப் பலரை நெறிப்படுத்தினார். ஆயினும் 1733இல் தமிழருள் முதற்குருவாகப் பட்டம் பெற்றவர் வேளாளர் குடியிற் பிறந்த ஆரோன். தாழ்த்தப்பட்ட குடியினராகிய இராசநாயக்கன் கையால் திருவிருந்து பெறப் பிற சாதியார் இசையார் என்று அவர் விலக்கப்பட்டார். தகுதியிற் குறை காணப்பெறவில்லை என்பதை இங்குக் கருதுதல் வேண்டும்.

சுவார்ட்சு இவ்வேறுபாட்டை விரும்பினார் எனக் கூற இயலாது. எனினும் கோயிலில் சாதியார் வெவ்வேறு புறம் அமர்தலை அவர் வலிந்து தடுத்திலர். அறிவுரையால் நாளடைவிற் குறையும் என்று பொறுத்தார். இதனை அறிவுடைமை என்பாரும் உளர், தளர்ச்சி என்பாரும் உளர். எம் துணிபு வேறு. ஒவ்வொரு நாளின் பேச்சையும் மாலையில் கேட்டுத் திருத்திய ஆசிரியர், இஃது ஒன்றனை மட்டும் காலத்தின் கையில் ஒப்படைத்தார். அவரோடு உடனுறைந்த மாணாக்கர் அப்பொறுமையையும் அவர்தம் கற்பிப்பாகவே கொண்டனர்.

இது வெளிப்பட்டது அவர் மறைந்து முப்பது ஆண்டுகளின் பின்னர். தஞ்சைக்குப் புதியராய் வந்த பாதிரிமார் சாதி வேறுபாட்டை உடனே அகற்ற முயன்றபோது, அதனை வன்மையாக எதிர்த்தவர் வேதநாயக சாத்திரியாரே. 1829ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய மறுப்புகளிற் சாதிகளை வலிந்து ஒன்றாக்கல், பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றல், மங்கல அமங்கல நிகழ்ச்சிகளிற் பூவை விலக்கல், வழிபாட்டினின்றும் தமிழ்ப் பாடலை நீக்கல் என்னும் நான்கும் ஒருங்கே கண்டிக்கப்பட்டன. பழைய குருமார் இவற்றைத் தடுத்திலர் என்பதே அவர்தம் வாதத்தின் வலிமை. தமிழ் இசைக்கும் மலருக்கும் பரிந்து பேசிய அவரை இன்று நாம் போற்றுகின்றோம். அதே மூச்சில் அவர் சாதி வரம்பையும் காத்தார் என்பதை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. அந்நான்கனையும் பிரித்தறிய அவர் ஆசிரியர் கற்பித்திலர். புதிய பாதிரிமாரும் பிரித்தறிந்திலர். விலக்கத்தக்க தீமையையும் விலக்க வேண்டாத பண்பாட்டையும் ஒருசேரத் தாக்கினர். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை அறவே ஒழிக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுபட்டது.

சபைப் பணியை இழந்த சாத்திரியாரைத் தம் அவையில் ஏற்று ஆதரித்தவர் இரண்டாம் சரபோசி மன்னர் (1777–1832). இவரும் சுவார்ட்சின் மாணாக்கர். அமர்சிங்கினால் ஏதம் நேருமென அஞ்சி, 1793இல் இவரைச் சென்னைக்குக் கொண்டுசென்று காத்துக் கல்வி பெறச் செய்தவர் அவ்வாசிரியரே. மன்னர் தம் முன்னோர் சமயத்தை விட்டிலர். ஆயின் ஆசிரியரின் கல்லறைக்குத் தாமே ஆங்கிலத்திற் பாடல் யாத்தார். இலண்டன் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு, இறக்குந் தறுவாயிலுள்ள குருவின் கையை மன்னர் பற்றி நிற்கும் பளிங்குப் புடைப்போவியம் ஒன்றும் செய்வித்தார். சிவகங்கைக் கோட்டையிலுள்ள கோயிலில் அஃது இன்றும் உள்ளது. அதிற் பள்ளிச் சிறுவர் மூவர் நிற்கின்றனர்.