வெற்றி பெற்றும் மூடப்பட்ட ஸ்டூடியோ

நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனியைத்தான் இழுத்து மூடுவார்கள் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் இயங்கிய கணினி விளையாட்டு நிறுவனமான என்செம்பிள் ஸ்டூடியோஸின் வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. 1995இல் டோனி குட்மேனும் நண்பர்களும் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில், சிட் மையருடன் சேர்ந்து ‘சிவிலைசேஷன்’ விளையாட்டை வடிவமைத்த புரூஸ் ஷெல்லியும் இருந்தார். 1997இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வந்தது. 1999இல் இரண்டாம் பாகம். உருவாகிக்கொண்டிருக்கும் விளையாட்டை ஓவியர், புரோகிராமர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அங்கே வேலையின் ஒரு பகுதி. குதிரைப்படையை ஈட்டிவீரன் மடக்குவான், ஈட்டிவீரனை வில்லாளி வீழ்த்துவான் என்ற அந்த நுட்பமான சமநிலை, இப்படி ஓயாமல் ஆடித் திருத்தியதில் கைகூடியது.

2001இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டூடியோவை வாங்கியது. முடிவு அங்கேதான் தொடங்கியது என்பேன். தனிக் கம்பெனிக்குத் தன் செலவுக்கு மேல் சம்பாதித்தால் போதும். பெருநிறுவனமோ அதே பணத்தை வேறெங்கே போட்டால் கூடுதலாக வரும் என்று பார்க்கும். அப்போது உருவாகிக்கொண்டிருந்த ‘ஹேலோ வார்ஸ்’ விளையாட்டு முடிந்ததும் ஸ்டூடியோ மூடப்படும் என்று 2008 செப்டம்பரில் அறிவித்தபோது, நிதி சார்ந்த முடிவு என்றே மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலகப் பொருளாதார நெருக்கடியே காரணம் என்போர் உண்டு. ஆனால் அறிவிப்பு வந்தது லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாவதற்குச் சில நாட்கள் முன்பு. பெரும் பீதி அதன் பிறகே. பாதியில் கைவிடப்பட்ட திட்டங்கள் பணத்தை விழுங்கின என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஹேலோ உலகில் அமைந்த ஒரு பெரிய இணைய விளையாட்டு அப்படித்தான் நின்றுபோனது. ஆனாலும் புதிதாக ஒன்றைச் செய்பவர்கள் சிலவற்றைக் கைவிடத்தான் வேண்டியிருக்கும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வரிசையை உருவாக்கியவர்களும் அதே ஆட்கள்தான்.

2009 ஜனவரியில் கதவு சாத்தப்பட்டது. ஆட்கள் வீணாகவில்லையே, ரோபாட் என்டர்டெயின்மென்ட், பான்ஃபயர் என்று புதிய ஸ்டூடியோக்கள் பிறந்தனவே என்று கேட்கலாம். பிறந்தன, ஆனால் ஒன்றாக உட்கார்ந்து பழகிய ஒரு குழு பல துண்டுகளானது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ பெயரும் உரிமையும் மைக்ரோசாஃப்டிடமே தங்கின. விளையாட்டு சாகவில்லை என்பதும் மெய். ரசிகர்களின் முயற்சியாகத் தொடங்கிய ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழு இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்து வளர்த்தது. 2022இல் திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் சேர்ந்தது தமிழர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆயினும் அது 1999இல் போட்ட அடித்தளத்தின்மேல் எழுப்பிய மாடி. 2021இல் கனடாவின் ரெலிக் ஸ்டூடியோ செய்த நான்காம் பாகமும் பெரும்பாலும் அந்த இரண்டாம் பாகத்தையே முன்மாதிரியாகக் கொண்டது.